பூந்தொட்டிக்கு அடியில் ஒரு தாய்

கயல்: பெரியப்பா, பூந்தொட்டியை நகர்த்தியபோது இந்தச் சிலந்தி ஓடி வந்தது. பின்புறத்தில் பட்டாணியளவு வெள்ளை உருண்டை ஒட்டியிருக்கிறது. ஏதேனும் கட்டியா என்று தெரியவில்லை, காணொலி அனுப்பியிருக்கிறேன்.

பெரியப்பா: கட்டியன்று, கயல், முட்டைப்பை. இது ஓநாய்ச் சிலந்தி. நூல் சுரக்கும் உறுப்புகளோடு பையை ஒட்டிக்கொண்டு திரிவது இந்தக் குடும்பத்தின் அடையாளம். ஓடும்போது வயிற்றைச் சற்றே உயர்த்திப் பிடித்திருக்கிறது, பார்த்தாயா? பை தரையில் உரசிவிடக் கூடாதல்லவா!

அருண்: தோட்டத்தில் நான் பார்த்த சிலந்தி பையை வாயில் கவ்விக்கொண்டிருந்ததே, பெரியப்பா?

பெரியப்பா: அது வேறு குடும்பம். சந்தேகம் வந்தால் முகத்தைப் பார். ஓநாய்ச் சிலந்திக்குக் கீழ்வரிசையில் நான்கு சிறிய கண்கள், அதற்கு மேல் முன்னோக்கிய இரண்டு பெரிய கண்கள், தலையின் மேற்புறத்தில் இன்னும் இரண்டு. மேலுள்ள நான்கு கண்களுக்குள் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் இருப்பதால், இரவில் டார்ச்சை உன் கண்ணருகே பிடித்துக்கொண்டு புல்தரையைப் பார்த்தால், பனித்துளி போலப் பச்சையாக மினுங்கும்.

சித்தப்பா: ஓநாய் என்றால் கூட்டமாக வேட்டையாடுமா, அண்ணா?

பெரியப்பா: பெயர்தான் அப்படி, தம்பி, வேட்டை தனியாகத்தான். இக்குடும்பத்திலுள்ள 2,400-க்கும் மேற்பட்ட இனங்களில் பெரும்பாலானவை வலை பின்னுவதில்லை. தரையில் காத்திருந்தோ துரத்தியோ பாய்ந்து பிடிக்கும்.

அத்தை: கடிக்குமா, அண்ணா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

பெரியப்பா: கையில் எடுத்து நசுக்கினால் கடிக்கும், பொதுவாகச் சற்று வலியும் வீக்கமும் இருக்கும், அவ்வளவே. இத்தாலியின் தரந்தோ நகரப் பக்கம், கடிபட்டவர் ஆடித்தான் பிழைக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் நம்பினார்களாம். அந்தப் பழி விழுந்ததும் ஓர் ஓநாய்ச் சிலந்தியின் மேல்தான். டரான்டுலா என்ற பெயரும் அங்கிருந்தே வந்தது. பிறகு அதைத் தொடர்பில்லாத பெரிய மயிரடர்ந்த சிலந்திகளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

கயல்: பையைப் பிரித்துவிட்டால் என்ன செய்யும்?

பெரியப்பா: விடாது, தேடும். பிரெஞ்சு இயற்கையியலாளர் ஃபாபர் பைக்குப் பதிலாகத் தக்கை உருண்டையைக் கொடுத்தபோது, அதையும் ஏற்றுக்கொண்டு சுமந்ததாம். அன்பு என்பதா, அறியாமை என்பதா? எனக்கு இரண்டாகவும் தோன்றுகிறது. முட்டை பொரிந்ததும் தாயே பையின் விளிம்பைக் கிழித்துவிடும். குஞ்சுகள் அதன் கால்வழியே முதுகில் ஏறி, அங்குள்ள மயிர்களைப் பற்றிக்கொண்டு சில நாள் தங்கும். ஆகவே துடைப்பத்தை எடுக்காதே, கயல்.

கயல்: தொட்டியைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன், பெரியப்பா.

(ஒன்பது நாள் கழித்து)

கயல்: பை இல்லை. முதுகு மட்டும் சாம்பல் பூசினாற்போல் இருந்தது. படத்தைப் பெரிதாக்கினால் அத்தனையும் கால்கள்!

அத்தை: அந்தப் படத்தை மட்டும் அனுப்பாதே, கண்ணு.