ஜிப்ஸிக்குச் சக்கரப் பயணம் கூடிய சஸ்பென்ஷன்: பட்டையைத் திருத்துவதா, காயிலுக்கு மாறுவதா?

கேள்வி: கொங்குச்சாரல்

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2008ஆம் ஆண்டு மாருதி ஜிப்ஸி கிங் இருக்கிறது. எஞ்சினும் கியர்பாக்ஸும் நல்ல நிலையில் உள்ளன. சேசிஸில் துரு இல்லை. கோவைக்கு அருகே நண்பர் ஒருவர் தம் தோட்டத்தில் அமைத்திருக்கும் தடத்தில் வார இறுதிகளில் ஓட்டுகிறேன். பள்ளங்களைக் குறுக்காகக் கடக்கும்போது ஒரு பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கிச் சுழல, வண்டி அப்படியே நின்றுவிடுகிறது.

பட்டறையில் இரண்டு வழிகளைச் சொல்கிறார்கள். ஒன்று, ஆக்சிலுக்குக் கீழே இருக்கும் லீஃப் ஸ்பிரிங்கை (பட்டையை) ஆக்சிலுக்கு மேலே மாற்றிப் பொருத்தி, நீளமான ஷாக் அப்சார்பர் போடுவது. மற்றொன்று, பட்டைகளை அறவே நீக்கிவிட்டு, லிங்குகளும் (ஆக்சிலைச் சேசிஸுடன் இணைக்கும் கம்பிகள்) காயில் ஸ்பிரிங்கும் (சுருள்வில்) கொண்ட அமைப்பைப் புதிதாகச் செய்வது. இரண்டாவது வழிக்குப் பல மடங்கு செலவாகும் என்பது தெரியும். எனக்கு எது பொருந்தும், அதனுடன் வேறு எவற்றையெல்லாம் மாற்ற வேண்டியிருக்கும் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: லேத்_பட்டறை

வணக்கம் நண்பரே. நீளமான ஷாக் போட்டால் சக்கரப் பயணம், அதாவது சக்கரம் மேலும் கீழும் அசையும் தூரம், கூடிவிடும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். சக்கரம் எவ்வளவு மேலேறி எவ்வளவு கீழிறங்கும் என்பதைப் பட்டையின் நெகிழ்வும், ஷேக்கிளின் (பட்டையின் முனையைச் சேசிஸுடன் இணைத்து ஆடும் துண்டு) நீளமும், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (ஆக்சிலுக்கு விசையைக் கொண்டுபோகும் தண்டு) நீண்டு சுருங்கும் அளவும், பிரேக் ஹோஸின் நீளமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. இவற்றுள் எது முதலில் முட்டுகிறதோ அங்கேயே பயணம் முடிந்துவிடும்.

ஆகவே எதையும் வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள். நான்கு ஷாக்குகளையும் கழற்றிவிட்டு, ஒரு பக்கச் சக்கரத்தை ஜாக்கியால் மெல்ல உயர்த்தி, மறுபக்கச் சக்கரத்தை முழுவதும் தொங்கவிட்டு, ஷாக்கின் மேல் பிடிக்கும் கீழ்ப் பிடிக்கும் இடையிலான மிகக் குறைந்த தூரத்தையும் மிக அதிகத் தூரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் வாங்கும் ஷாக் முழுவதும் சுருங்கும்போது முதல் அளவைவிடக் குட்டையாகவும், முழுவதும் நீளும்போது இரண்டாவது அளவைவிட நெட்டையாகவும் இருக்க வேண்டும். மேலேறும் சக்கரத்தை பம்ப் ஸ்டாப்பும் (ரப்பர் தடுப்பு) கீழிறங்கும் சக்கரத்தை லிமிட் ஸ்ட்ராப்பும் (இழுத்துப் பிடிக்கும் வார்) நிறுத்த வேண்டுமே தவிர, அந்த வேலையை ஷாக்கின் தலையில் சுமத்தக் கூடாது.

பட்டையை ஆக்சிலுக்கு மேலே ஏற்றினால் வண்டி ஏறக்குறைய 5 அங்குலம் உயரும். உயரம் கூடுவது வேறு, பயணம் கூடுவது வேறு. பழைய விறைப்பான பட்டைகளையே மேலே ஏற்றினால் உயரம் மட்டுமே கிடைக்கும். மேலும், ஆக்சில் பட்டைக்குக் கீழே தொங்கும்போது, குறைந்த கியரில் அழுத்தம் கொடுத்ததும் பட்டை எஸ் வடிவில் முறுக்கிக்கொள்ளும். ஆக்சில் துள்ளும், ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் (முனையில் மடங்கும் மூட்டு) உடையும். இதைத் தடுக்கப் பின்னால் ஒரு டிராக்ஷன் பார் (ஆக்சில் முறுகாமல் பிடிக்கும் கம்பி) தேவைப்படும். ஸ்டீயரிங்கிலும் சிக்கல் வரும்: ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிராக் லிங்க் மிகவும் சரிந்துவிடுவதால், ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி தானாகவே ஒரு பக்கம் திரும்பப் பார்க்கும். வளைத்துச் செய்த லிங்க் போடலாம். ஸ்டீயரிங் ஆர்மை மேலே கொண்டுவருவது அதைவிட நல்லது.

ஷாஃப்டின் கோணத்தையும் கவனியுங்கள். இரு முனைகளிலும் ஒற்றைக் கிராஸ் இருக்கும் ஷாஃப்ட் என்றால், டிரான்ஸ்ஃபர் கேஸின் (முன், பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) ஃபிளாஞ்சும் டிஃபரன்ஷியலின் (ஆக்சிலின் இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் பல்சக்கர அமைப்பு) ஃபிளாஞ்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். இந்த இணையைக் கெடுத்துவிட்டு அதிர்வு வருகிறது என்று டயரை பேலன்ஸ் செய்வதில் பயனில்லை.

காயில் அமைப்பைப் பொறுத்தவரை, அது உண்மையிலேயே சிறந்தது. பட்டை ஒரே நேரத்தில் எடையையும் தாங்கி ஆக்சிலையும் இடத்தில் பிடித்து வைக்க வேண்டியிருக்கிறது, லிங்குகள் அந்த இரண்டு வேலைகளையும் பிரித்துவிடுகின்றன. சுஸுகியே ஜிம்னியில் அந்தப் பாதைக்குத்தான் போனது: 2023இல் இந்தியாவுக்கு வந்த ஜிம்னி காயில் ஸ்பிரிங்கும் மூன்று லிங்குகளும் கொண்ட ரிஜிட் ஆக்சில் வண்டி. ஆனால் இதில் வெல்டிங்கின் தரமும் லிங்குகளின் அமைவிடமுமே எல்லாம். முன்னால் பேன்ஹார்டு ராடு (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) வைத்தால், அது டிராக் லிங்குக்கு இணையாகவும் கூடியவரை அதே நீளத்திலும் இருக்க வேண்டும். மேல் லிங்குக்கும் கீழ் லிங்குக்கும் ஆக்சிலில் உள்ள இடைவெளி டயர் விட்டத்தில் கால் பங்குக்குக் குறையாமல் இருப்பது நல்லது. குறைந்தால் லிங்குகளின் மேல் வரும் விசை பிராக்கெட்டைப் பிய்த்துவிடும்.

பதில்: தேரிமணல்

மேலே சொன்னவற்றுடன் முழுவதும் உடன்படுகிறேன். வண்டி எந்த வேகத்தில் ஓடப் போகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாறையிலும் பள்ளத்திலும் மெல்ல ஊர்பவர்களுக்குச் சக்கரம் கீழே இறங்கும் தூரம் அதிகம் வேண்டும். மணலிலும் மேடு பள்ளமான சமவெளியிலும் வேகமாக ஓட்டுபவர்களுக்கு மேலே ஏறும் தூரம் அதிகம் வேண்டும். ஒருவருக்கு அமைத்ததை இன்னொருவருக்குப் பரிந்துரைக்க முடியாது.

வேகமாக ஓட்டினால் ஷாக்கின் சூடுதான் முதல் எதிரி. சக்கரத்தின் அசைவை அடக்கும் ஆற்றல் முழுவதும் எண்ணெயில் வெப்பமாக மாறுகிறது; சாதாரண இரட்டைக் குழாய் ஷாக்கில் எண்ணெயும் காற்றும் கலந்து நுரைத்துவிடும். நைட்ரஜன் நிரப்பிய, தனி ரிசர்வாயர் உள்ள ஒற்றைக் குழாய் ஷாக் அதற்காகவே வந்தது. தோட்டத் தடத்தில் ஊர்வதற்கு அவ்வளவு செலவு தேவையில்லை.

ஷாக்கை எவ்வளவு சாய்த்துப் பொருத்துகிறீர்கள் என்பதும் முக்கியம். செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்த்தால், இரு சக்கரங்களும் சேர்ந்து ஏறி இறங்கும்போது அதன் அடக்கும் திறன் முக்கால் பங்காகக் குறைந்துவிடும். இடம் போதவில்லை என்று மிகவும் சாய்ப்பவர்கள் பிறகு ஷாக்கையே குறை சொல்கிறார்கள்.

ரெய்டு டி ஹிமாலயா, டெசர்ட் ஸ்டார்ம் போன்ற பந்தயங்களில் ஜிப்ஸிகள் பட்டையுடனேயே பல ஆண்டுகள் ஓடியிருக்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள்.

பதில்: சாலைவிதி

இது தொழில்நுட்பம் அல்ல. ஆனாலும் சொல்லியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டிலும் தகராறு வரலாம். பெரிய மாற்றம் செய்வதானால், வண்டியை டிரெய்லரில் ஏற்றித் தடத்துக்குக் கொண்டுபோய், அங்கு மட்டும் ஓட்டுங்கள்.

கொங்குச்சாரல்

விரிவாக விளக்கிய அனைவருக்கும் மிக்க நன்றி. வண்டியை அவ்வப்போது சாலையிலும் ஓட்டுகிறேன் என்பதால் காயில் திட்டத்தைக் கைவிடுகிறேன். பட்டையை ஆக்சிலுக்குக் கீழேயே வைத்துக்கொண்டு, பின்சக்கரம் தொங்கும் தொல்லையைக் குறைக்க வழி உண்டா?

லேத்_பட்டறை

உண்டு. பட்டைகளைப் பிரித்துத் துருவைத் தேய்த்து எடுத்து, தேய்ந்த புஷ்களையெல்லாம் மாற்றி, ஷேக்கிள் தடையில்லாமல் ஆடுகிறதா என்று பாருங்கள். பழைய ஜிப்ஸிகளில் பட்டைகள் ஒன்றோடொன்று இறுகிப்போய்ப் பாதிப் பயணம் வீணாகிக்கொண்டிருக்கும். அடுத்து, தடித்த சில பட்டைகளுக்குப் பதிலாக மெல்லிய பட்டைகளைக் கூடுதலாக அடுக்கிய செட் செய்யச் சொல்லுங்கள்; எடையைத் தாங்கும் திறன் அதேதான், வளைந்து கொடுக்கும் அளவு மட்டும் கூடும். பிறகு நான் சொன்னபடி அளந்து ஷாக் வாங்குங்கள்.

இருந்தாலும் சக்கரம் தரையைத் தொட்டால் மட்டும் போதாது. அதன் மேல் எடை இல்லையென்றால், சாதாரண டிஃபரன்ஷியல் அந்தச் சக்கரத்தைத்தான் சுழற்றும். உங்கள் வண்டி நிற்பதற்கு அதுவே முதல் காரணம். காயிலுக்கென ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியைப் பின் ஆக்சிலில் லாக்கர் (இரு சக்கரங்களையும் சேர்ந்தே சுழலச் செய்யும் பூட்டு) போடச் செலவிடுங்கள். அதைப் போட்டபின் ஆக்சில் ஷாஃப்டில் கூடுதல் சுமை விழும் என்பதால், சக்கரம் சிக்கியிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்து உலுக்காமல் மெதுவாக ஓட்டுங்கள்.