14 டிகிரி வளைவு 8 ஆகிவிட்டது, ஒன்றுமே செய்யவில்லையே?

செவ்வந்தி:
மகளுக்கு 11 வயது, இன்னும் வயதுக்கு வரவில்லை. போன வருடம் எக்ஸ்ரேயில் முதுகுத்தண்டு பக்கவாட்டில் 14 டிகிரி வளைந்திருப்பதாகச் சொன்னார்கள். நான் அழுதே விட்டேன். டாக்டர், பிரேஸ் (வளைவு கூடாமல் இருக்க உடம்பில் அணியும் பட்டை) எல்லாம் வேண்டாம், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார். இப்போது 8 டிகிரி! தானாகவே சரியாகுமா, இல்லை முதலில் தப்பாக அளந்துவிட்டார்களா?

நிழல்மரம்:
இரண்டும் கொஞ்சம் இருக்கலாம். ஒரே படத்தை இருவர் அளந்தாலே 5 டிகிரி வரை வித்தியாசம் வரும், குழந்தை ஒரு காலில் சாய்ந்து நின்றிருந்தாலும் கோணம் மாறும். 10 டிகிரிக்குக் கீழே என்றால் அதை ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகுத்தண்டு வளைவு நோய், என்றே சொல்வதில்லை. கால் நீளத்தில் சின்ன வித்தியாசம், தசைப்பிடிப்பு இவற்றால் வரும் வளைவும் உண்டு, காரணம் போனால் அதுவும் போய்விடும்.

கயல்:
என் பையனுக்கு எட்டு மாதக் குழந்தையாக இருக்கும்போதே வளைவைக் கண்டுபிடித்தார்கள், இரண்டு வயதுக்குள் நேராகிவிட்டது. அந்த வயதில் வருவதில் பெரும்பாலானவை தானாகவே நிமிர்ந்துவிடும் என்றார்கள். விலா எலும்புகள் முதுகெலும்போடு சேரும் கோணத்தை இரண்டு பக்கமும் அளந்து, வித்தியாசம் 20 டிகிரிக்குள் இருந்ததால்தான் டாக்டர் தைரியம் சொன்னார்.

பிசியோ_வளர்மதி:
குழந்தைகளோடு வேலை செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். வளரும் எலும்பில் எந்தப் பக்கம் அழுத்தம் அதிகமோ அந்தப் பக்கம் மெதுவாக வளரும். வளைவு பெரிதாக இருந்தால் உள்பக்கம் நசுங்கி, முள்ளெலும்பு ஆப்பு மாதிரி ஆகி, வளர வளர வளைவும் கூடிக்கொண்டே போகும். சின்ன வளைவில் அந்த அழுத்த வித்தியாசம் குறைவு, எலும்பின் வடிவமும் இன்னும் மாறியிருக்காது, அதனால் உடம்பு தன்னைச் சமன்படுத்திக்கொள்ள இடம் இருக்கிறது. 25 டிகிரிக்குக் கீழே பொதுவாகக் கவனித்துக்கொண்டு மட்டும் இருப்பது இதனால்தான்.

ஆனால் செவ்வந்தி, ஒன்றைக் கேளுங்கள். பெண்கள் கிடுகிடுவென உயரமாவது வயதுக்கு வருவதற்குச் சற்று முன்புதான், வளைவு கூடினால் அப்போதுதான் கூடும். உங்கள் மகளுக்கு அந்தக் கட்டம் இன்னும் முடியவில்லை. அடுத்த பரிசோதனையைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

செவ்வந்தி:
இனி போக வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன். சரி, தேதி வாங்கிவிடுகிறேன். இடையில் வீட்டில் நான் ஏதாவது பார்க்கலாமா?

பிசியோ_வளர்மதி:
மாதம் ஒருமுறை கால்களைச் சேர்த்து நின்று, முழங்கால் மடக்காமல் முன்னால் குனியச் சொல்லுங்கள். பின்னாலிருந்து பாருங்கள், ஒரு பக்க விலா மேடாகத் தெரிந்தால் தேதி வரை காத்திருக்க வேண்டாம். உயரத்தையும் குறித்து வையுங்கள்.