கிரேக்க-ரோமன் மல்யுத்தம்: நடுவர் ஏன் நடுவில் நிறுத்தி ஒருவரைக் குப்புறப் படுக்க வைக்கிறார்?

மாடிவிளக்கு:
பாரிஸ் ஒலிம்பிக்கின் 130 கிலோ இறுதிப் போட்டியை இப்போதுதான் முழுதாகப் பார்த்தேன். கியூபாவின் மிஹைன் லோபஸ், சிலியின் யாஸ்மானி அகோஸ்டாவை 6-0 என்று வென்றார். 2008 முதல் தொடர்ந்து ஐந்தாவது தங்கம். காலணிகளைக் கழற்றி மல்யுத்த விரிப்பின் நடுவில் வைத்துவிட்டு ஓய்வு பெற்றார். அந்த இடம் மனதை உலுக்கிவிட்டது.

ஆனால் ஆட்டம் புரியவில்லை. இரண்டு பேரும் தலையோடு தலை முட்டித் தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். திடீரென்று நடுவர் நிறுத்தி ஒருவரைக் கீழே படுக்கச் சொல்கிறார், எதிராளிக்கு ஒரு புள்ளியும் போகிறது. படுத்தவர் செய்த தப்பு என்ன? அப்புறம் இன்னொன்று. ஈரானின் அமின் மிர்சாசாதே காலிறுதியிலேயே லோபஸிடம் தோற்றுவிட்டார். அவருக்கு எப்படி வெண்கலம் கிடைத்தது?

பழைய பிடி:
இரண்டாவது கேள்வி எளிது. அதற்கு ரெபசாஜ் என்று பெயர். இறுதிக்குப் போனவரிடம் முன்சுற்றுகளில் தோற்றவர்களுக்கு மட்டும் மறுவாய்ப்பு உண்டு. அதில் வென்றவர் அரையிறுதியில் தோற்றவரோடு வெண்கலத்துக்கு மோதுவார். இரண்டு பக்கமும் இப்படி நடப்பதால் இரண்டு வெண்கலம். லோபஸ் இறுதிக்குப் போனதால்தான் மிர்சாசாதேவுக்குக் கதவு திறந்தது.

முதல் கேள்விக்கு வருகிறேன். நான் இந்தப் பிரிவில் ஆடியவன், இப்போது பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களும் முதலில் இதைத்தான் கேட்பார்கள்.

கிரேக்க-ரோமனில் இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது, காலால் தட்டிவிடவும் கூடாது. ஃப்ரீஸ்டைல் என்ற இன்னொரு வகை மல்யுத்தத்தில் காலை வாரி விழவைக்கலாம். இங்கே அந்த வழியே இல்லை. அதனால் பலமுள்ள ஒருவர் நினைத்தால், தாக்காமல் தடுத்துக்கொண்டே மூன்று மூன்று நிமிடமாக இரண்டு பாதியையும் ஓட்டிவிடலாம். அதற்கு இடம் கொடுக்காமல் இருக்கத்தான் செயலின்மை விதி. தாக்காமல் ஒதுங்குபவரை நடுவர் முதலில் எச்சரிப்பார். அதற்கும் அசையாவிட்டால், பாரிஸில் இருந்த விதிப்படி, எதிராளிக்கு ஒரு புள்ளி, இவர் தரையில்.

நீங்கள் பார்த்த அந்தத் தள்ளுமுள்ளு முழுக்க இதற்காகத்தான். கைகளைக் கவனியுங்கள். எதிராளியின் அக்குளுக்குக் கீழே யார் கையை நுழைப்பது என்றுதான் சண்டை. உள்ளே கை போனவர் தோளால் மற்றவரை நிமிர்த்திவிடுவார். நிமிர்ந்தவனுக்குப் பலம் போய்விடும், காலடி பின்னால் போகும். பின்னால் போகிறவன் பெயரில்தான் எச்சரிக்கை விழும்.

தரையில் இறக்கிய பிறகுதான் உண்மையான ஆட்டம். மேலே இருப்பவர் இடுப்பைச் சுற்றிக் கைகளைப் பூட்டி, நெஞ்சை அவர் முதுகோடு ஒட்டவைத்து, தன் இடுப்பை அடியில் கொடுத்து ஒரே மூச்சில் உருட்டப் பார்ப்பார். ஒரு உருட்டலுக்கு 2 புள்ளி. பூட்டு அவிழாவிட்டால் அதே பிடியில் மறுபடியும் உருட்டலாம். வித்தியாசம் 8 ஆகிவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். கீழே இருப்பவர் வயிற்றை விரிப்போடு அழுத்தி, உருளப் போகும் பக்கத்துக் கையை அகலமாக ஊன்றிக்கொள்வார். பூட்டு இறுகுவதற்கு முன் இடுப்பைக் கொஞ்சம் நகர்த்திவிட்டால் தப்பித்தார். இறுகிவிட்டால் மூச்சே வராது, விலா எலும்பு நெரியும்.

வர்ணனையாளர்கள் பெரும்பாலும் சொல்லாத ஒன்றையும் சொல்கிறேன். முதல் பாதியில் ஒருவரும் இரண்டாம் பாதியில் மற்றவரும் கீழே போய், இருவராலும் உருட்ட முடியாமல் 1-1 என்று முடிந்தால், கடைசியாகப் புள்ளி எடுத்தவருக்கே வெற்றி. ஆக, முதல் பாதியில் கிடைத்த அந்த ஒரு புள்ளியை நம்பி உட்கார முடியாது. மேலே இருக்கும்போதே உருட்டியாக வேண்டும். அங்கே கோட்டை விட்டவர் இரண்டாம் பாதி முழுக்கப் பின்வாங்காமல் நிற்க வேண்டும். அப்போது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

கல்தூண்:
இந்த விதியெல்லாம் இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்று 1912 ஸ்டாக்ஹோமைப் பார்த்தால் போதும். 75 கிலோ அரையிறுதியில் எஸ்தோனியாவின் மார்ட்டின் கிளைனும் (ரஷ்யப் பேரரசுக்காக ஆடினார்) பின்லாந்தின் அசிக்காய்னனும் 11 மணி 40 நிமிடம் மோதினார்கள். கிளைன் ஜெயித்தார். ஆனால் இறுதியில் ஆட உடம்பில் தெம்பு இல்லை, தங்கம் ஸ்வீடனின் கிளாஸ் ஜொஹான்சனுக்குப் போனது. எனக்கு இன்றும் அது ஆறவில்லை.

பழைய பிடி:
நல்ல உதாரணம். ஒரே ஒரு புள்ளி என்ன செய்யும் என்பதற்கு 2000 சிட்னி இருக்கிறது. 13 வருடம் தோற்காத ரஷ்யாவின் கரேலின், அமெரிக்காவின் ரூலன் கார்ட்னரிடம் 1-0 என்று தோற்றார். அப்போதைய விதிப்படி இரண்டு பேரும் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்து நிற்க வேண்டும், முதலில் கைப்பூட்டு அவிழ்ந்தவருக்கு நஷ்டம். கரேலினின் கை அவிழ்ந்தது. படுத்திருக்கும் 130 கிலோ ஆளை அப்படியே தூக்கித் தலைக்கு மேல் எறிந்த கைகள் அவை.

மாடிவிளக்கு:
இப்போது மறுபடியும் இறுதிப் போட்டியைப் போட்டுப் பார்த்தேன், கைகள் தெரிய ஆரம்பித்துவிட்டன! ஆனால் அகோஸ்டாவால் ஏன் எதுவுமே செய்ய முடியவில்லை?

பழைய பிடி:
அகோஸ்டா பிறப்பால் கியூபாக்காரர், லோபஸோடு சேர்ந்து பயிற்சி எடுத்தவர். அவருடைய பிடி ஒவ்வொன்றும் லோபஸுக்கு அத்துப்படி. டோக்கியோவில் வெண்கலத்துக்கு ஆடித் தோற்றவர், பாரிஸில் வெள்ளி வரை வந்தார். அதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள்.

தூக்கி எறிவதைப் பார்க்க ஆசை என்றால் கனமான பிரிவில் தேடாதீர்கள். ஜப்பானின் கெனிச்சிரோ ஃபுமிதா பாரிஸில் 60 கிலோ தங்கம் வென்றவர். அவர் எதிராளியை நெஞ்சோடு கட்டிக்கொண்டு வில்லாகப் பின்னால் வளைவார். அப்படிப்பட்ட பெரிய வீச்சுக்கு 5 புள்ளி வரை உண்டு. அவர் ஆட்டங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள், மேலும் பேசலாம்.