ஆன்டிபாடி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை: நேரில் கண்டவர்கள் எழுதுங்கள்

ரத்தவங்கி இரவுப்பணி

ஒரு சோதனைக் குழாய் இன்னும் என் மனத்தை விட்டுப் போகவில்லை. நான்கு வயதுப் பையன், மீண்டும் மீண்டும் நிமோனியா, ரத்த வகை பார்க்க அனுப்பியிருந்தார்கள். சிவப்பணுவை வைத்துப் பார்த்தால் ஓ பாசிட்டிவ், சந்தேகமே இல்லை. ஓ வகை என்றால் சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்த பின் மிஞ்சும் தெளிந்த நீரில், ஏ-க்கும் பி-க்கும் எதிரான ஆன்டிபாடி (அந்நியமானதைப் பிடிக்கும் புரதம்) இருந்தாக வேண்டும். ஏ வகை, பி வகைச் சிவப்பணுக்களைத் தனித்தனியாகச் சேர்த்துச் சுழற்றினேன். இரண்டிலும் திரள வேண்டும். குழாயைத் தட்டியதும் சிவப்பு அப்படியே கலைந்து பரவியது. பெயர்ச்சீட்டைச் சரிபார்த்தேன், புது மாதிரி வாங்கினேன், குளிரில் வைத்தும் பார்த்தேன். ஒரு கட்டிகூட இல்லை.

கைக்குழந்தை என்றால் விட்டிருப்பேன், அவர்களுக்கு அது உருவாகச் சில மாதங்கள் ஆகும். நான்கு வயதில் ஏன் இல்லை? வார்டு டாக்டரை அழைத்து இம்யூனோகுளோபுலின், அதாவது மொத்த ஆன்டிபாடி, அளவைப் பார்க்கச் சொன்னேன். ஐஜிஜி என்ற முக்கிய ஆன்டிபாடி கிட்டத்தட்ட இல்லை, ஆன்டிபாடி செய்கிற வம்சமான பி செல்களும் இல்லை. மீதி இங்கே பலருக்குத் தெரியும்: பி செல் வளரத் தேவையான பிடிகே என்ற மரபணுவில் கோளாறு, எலும்பு மஜ்ஜையிலேயே பி செல் பாதி வளர்ச்சியில் நின்றுவிடுகிறது. அமெரிக்க மருத்துவர் புரூட்டன் 1952-இல் எழுதிய அதே நோய்.

இருவரின் அம்மா

எங்கள் மூத்தவனுக்கும் அதேதான். எங்களுக்கு அது தெரிந்தது டார்ச் வெளிச்சத்தில். காது வலி என்று போனோம். டாக்டர் தொண்டையைப் பார்த்துவிட்டு, “டான்சில் ஆபரேஷன் எப்போது செய்தீர்கள்?” என்றார். செய்யவே இல்லை என்றேன். மறுபடி டார்ச் அடித்தார். அதன் பிறகு அவர் காதைப் பற்றிப் பேசவே இல்லை. டான்சிலில் பெரும்பகுதி பி செல்கள்தானாம். குடியிருக்க ஆள் இல்லாத இடத்தில் வீடு எழும்பவில்லை.

முதல் ஆறு மாதம் கொழுகொழுவென்று இருந்தான், வயிற்றில் இருந்தபோது நான் கொடுத்தனுப்பிய ஐஜிஜி இருந்தவரை. இப்போது மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ஐவிஐஜி, அதாவது மற்றவர்களின் பிளாஸ்மாவிலிருந்து எடுத்த ஆன்டிபாடி, பாட்டிலில் ஏற்றுகிறோம். போலியோ சொட்டு மருந்து முகாம் வந்தால் வாசலில் விவாதம்தான். உயிருள்ள வைரஸ் என்பதால் அவனுக்கும் கூடாது, கூட இருக்கும் தங்கைக்கும் கூடாது, அவளுக்கு ஊசிதான். வருகிறவர்கள் என்னைத் தடுப்பூசி எதிர்ப்பாளர் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள்.

மூலிகைத் தோட்டம்

என் மாமா மகனுக்கும் அடிக்கடிச் சளி பிடிக்கும், இப்போது பரவாயில்லை. சகோதரி, மனம் தளர வேண்டாம். எதிர்ப்பு சக்தி என்பது நாம் வளர்த்துக்கொள்வது. காலையில் வெறும் வயிற்றில் நெல்லிச்சாறு, வாரம் இருமுறை நிலவேம்புக் குடிநீர், இரவில் மஞ்சள் மிளகுப் பால். சீனியை அறவே நிறுத்துங்கள், மைதாவையும். காலை வெயிலில் அரை மணி நேரம் நிற்க வையுங்கள். பாட்டில் மருந்தைப் படிப்படியாகக் குறைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். உடம்புக்குத் தானே செய்துகொள்ளத் தெரியும், வெளியிலிருந்து கொடுத்துக்கொண்டே இருந்தால் அது சோம்பேறியாகிவிடும்.

ஸ்டாஃப் நர்ஸ், மதுரை

அக்கா, பாட்டிலைக் குறைக்காதீர்கள். மேலே எழுதியவருக்கு ஒன்று: அந்தப் பையனுக்கு ஆன்டிபாடி செய்கிற செல்லே இல்லை. சோம்பேறியாவதற்கு அங்கே யார் இருக்கிறார்கள்?

எதிர்ப்பு சக்தியைக் கூட்டு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். என் உடம்பு என் ரத்தத்தட்டுகளுக்கு எதிராகவே ஆன்டிபாடி செய்தது, தட்டுகளின் எண்ணிக்கை 9,000-க்கு இறங்கியது. சொந்த உடம்பையே பிடிக்கிற பி செல்களை மஜ்ஜையிலேயே திருத்தவோ அழிக்கவோ வேண்டும். தப்பி வந்தாலும், பெரும்பாலும் டி செல் என்ற இன்னொரு வகை வெள்ளணுவின் உதவியில்லாமல் அவை மேலே போக முடியாது. அந்த உதவி கிடைத்த பிறகுதான் நிணநீர்க் கணுவில் பெருகி, இன்னும் இறுக்கமாகப் பிடிப்பவை தேறி, முதலில் வரும் ஐஜிஎம் வகை ஆன்டிபாடி ஐஜிஜியாக மாறுகிறது. இத்தனை தடைகளையும் தாண்டித்தான் என்னுடையவை வந்தன. இதில் எதைக் கூட்டச் சொல்கிறீர்கள்?

ரிட்டுக்சிமாப் என்ற மருந்தை ஏற்றினார்கள், தட்டுகள் ஏறின. அந்த நேரத்தில் வேலைக்காக ஹெபடைடிஸ் பி ஊசி மூன்றும் போட வேண்டியிருந்தது. ரிப்போர்ட் ஒரே தாளில் வந்தது. மேல் வரியில் ரூபெல்லா ஐஜிஜி பாசிட்டிவ், கீழ் வரியில் ஹெபடைடிஸ் ஆன்டிபாடி 10-க்குக் கீழே. பழையது இருக்கிறது, புதியது வரவில்லை. அந்த மருந்து மேற்பரப்பில் சிடி20 என்ற புரதம் உள்ள பி செல்களை அழிக்கும், மஜ்ஜையில் உட்கார்ந்து ஆன்டிபாடி சுரக்கும் முதிர்ந்த பிளாஸ்மா செல்களில் சிடி20 இல்லை. சிறுவயதில் உருவான செல்கள் எதுவும் நடக்காததுபோல வேலை பார்த்துக்கொண்டிருந்தன. பி செல்கள் திரும்பிய பிறகு மீண்டும் போட்டார்கள், அப்போது ஏறியது.

நாமக்கல் கால்நடை மருத்துவர்

ரத்தவங்கி நண்பர் மஜ்ஜை என்று எழுதியிருக்கிறார், மனிதனுக்குச் சரி. கோழிக்குப் பி செல் முதிர்வது ஆசனவாய்க்கு மேலே உள்ள பர்சா என்ற பையில். பி செல் கதையே அங்கேதான் தொடங்கியது. பர்சாவை எடுத்துவிட்ட கோழிகள் சால்மோனெல்லாவுக்கு ஆன்டிபாடி செய்யவில்லை என்பதை ஓஹியோவில் ஒரு வகுப்புச் செய்முறையின்போது கவனித்தார்கள். ‘சயின்ஸ்’ இதழ் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பியது, 1956-இல் ‘பவுல்ட்ரி சயின்ஸ்’ இதழில் வந்தது. கோழி என்றால் இளக்காரம், இன்றும் அப்படித்தான்.

என்னைத் தொல்லை செய்வது ஒரு முட்டைக்கோழிப் பண்ணை. வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி தேதி தவறாமல் போட்டிருந்தார்கள், குளிர்ச்சங்கிலியும் சரி, ஆனாலும் சாவு. மருந்துக் கம்பெனிதான் ஏமாற்றிவிட்டது என்று பண்ணைக்காரர் கத்திக்கொண்டிருந்தார். ஒன்றை அறுத்தேன். பர்சா சுருங்கிச் சாம்பல் நிறத்தில் கிடந்தது. அடுத்ததிலும் அப்படியே. குஞ்சாக இருந்தபோதே, முதல் மூன்று வாரத்துக்குள், பர்சாவைத் தாக்கும் கம்போரோ வைரஸ் வந்து போயிருக்கிறது. அந்த வயதில் பெரிதாக நோய் தெரியாது, பி செல்களை மட்டும் தின்றுவிட்டுப் போய்விடும். பிறகு எந்தத் தடுப்பூசி போட்டாலும் அதற்குப் பதில் சொல்ல ஆள் குறைவு.

பண்ணை வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: கம்போரோ தடுப்பூசியை அவசரப்பட்டும் போடாதீர்கள். தாய்க்கோழியிடமிருந்து மஞ்சள் கரு வழியாக வந்த ஆன்டிபாடி அதிகம் இருந்தால் தடுப்பூசி வைரஸை அதுவே அழித்துவிடும், தாமதித்தால் பண்ணை வைரஸ் முந்திக்கொள்ளும். குஞ்சுகளின் ரத்தத்தை எடுத்து டைட்டர் (ஆன்டிபாடி அளவு) பார்த்துத் தேதி குறியுங்கள். பக்கத்துப் பண்ணையின் தேதியைக் காப்பியடிக்க வேண்டாம். பழைய தொகுதிக் கழிவை முழுதாக அகற்றாமல் புதுக் குஞ்சு இறக்காதீர்கள், இந்த வைரஸ் கொட்டகையில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்.

ரத்தவங்கி இரவுப்பணி

டாக்டர் சார், பர்சா பற்றித் தெரியும், நான் எழுதியது பையனைப் பற்றி. அம்மா, உங்களிடம் ஒரு கேள்வி: ஐவிஐஜி தொடங்கிய பிறகு வேறு ஏதாவது ஆன்டிபாடி சோதனையில் குழப்பம் வந்ததா?

இருவரின் அம்மா

வந்தது. போன மழைக்காலத்தில் காய்ச்சல், வேறொரு லேபில் டெங்கு ஐஜிஜி பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ். “முன்பே டெங்கு வந்திருக்கிறது” என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒரு பாட்டிலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பிளாஸ்மா இருக்கிறது, அவர்களில் யாருக்கோ வந்த டெங்கு அது. இப்போது காய்ச்சல் என்றால், ஆன்டிபாடியை விட்டு வைரஸையே தேடும் என்எஸ்1 அல்லது பிசிஆர் சோதனை மட்டும் எழுதச் சொல்கிறோம். நர்ஸ் தங்கை, பாட்டிலைக் குறைக்கவில்லை, வியாழக்கிழமை அடுத்தது.