போர்க்கால விமானத்தளக் கூடம் இடிபடப் போகிறது, 3டி மாடல் சேரவில்லை

வணக்கம். இங்கிலாந்தின் சஃபோக்கில் நான் இருக்கும் ஊருக்குப் பக்கத்தில், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க எட்டாவது விமானப்படை இருந்த ஒரு தளத்தின் பொழுதுபோக்குக் கூடத்தை அடுத்த மாதம் இடிக்கிறார்கள். அதற்குள் முழுசாகப் பதிவு செய்துவிடப் பார்க்கிறேன், ஆனால் படங்களை இணைத்துச் செய்யும் 3டி மாடல் உடைந்து உடைந்து வருகிறது.

நான்கரை அங்குல ஒற்றைச் செங்கல் சுவர், சீரான இடைவெளியில் முட்டுத்தூண்கள், கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கூரை, மின்சாரம் கிடையாது. மேடைப் பக்கம் சுவரில் அடித்த வெள்ளை உரிந்த இடத்தில், நீல நிறத்தில் வரைந்த ஒரு விமானத்தின் வால் மட்டும் தெரிகிறது. போனால் திரும்பி வராது.

கேமரா நிக்கான் டி5300, 18 மிமீ, முக்காலியில். ஒரு படம் அடுத்ததோடு 70 சதவீதம் மேற்பொருந்தும்படி எடுத்தேன், சுவரில் எண் போட்ட தாள்கள் ஒட்டினேன், ஃபிளாஷை விட்டு எல்இடி விளக்குக்கு மாறினேன், அப்புறம் வெளிச்சத்தையும் ஃபோகஸையும் பூட்டியும் பார்த்தாயிற்று. குறுக்குச் சுவர்கள் அருமையாக வருகின்றன. நீளச் சுவர் இரண்டிலும் ஒரு தூணை இன்னொரு தூண் என்று நினைத்துக்கொண்டு மென்பொருள் சுவரையே சுருக்கிவிடுகிறது. லேசர் ஸ்கேனர் வாடகை எனக்குக் கட்டுப்படியாகாது. உரிமையாளர் இன்னும் ஒரு நாள்தான் உள்ளே விடுவார், கல்நார் பயம்.

ஒரே மாதிரித் தூண்கள் வரிசையாக நிற்கும் கூடம் ஒரே மாடலாகச் சேர, அந்த ஒரு நாளில் படங்களை எந்த வரிசையில், எங்கெங்கே நின்று எடுக்க வேண்டும்?