மறுமொழி: ஸ்டெம்மிங் – வேர்ச்சொல் காணலா, விகுதிநீக்கமா, ஒட்டுநீக்கமா?

வணக்கம் நண்பர்களே,

ஒரு சொல்லின் பல வடிவங்களையும் தேடுபொறி ஒன்றாகப் பார்ப்பதற்காக, சொல்லில் ஒட்டியிருப்பவற்றை நறுக்கிவிடுவதை ஆங்கிலத்தில் ஸ்டெம்மிங் என்கிறார்கள். அதற்குத் தமிழில் எந்தக் கலைச்சொல் என்று நம் குழுவில் நடக்கும் பேச்சில், வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> ஸ்டெம்மிங் = வேர்ச்சொல் காணல். எல்லோருக்கும் புரியும், இதையே வைத்துக்கொள்ளலாமே?

புரியும்தான், ஆனால் தப்பாகப் புரியும். வேர்ச்சொல் என்றதும் நமக்குச் சொற்பிறப்பு ஆராய்ந்த தேவநேயப் பாவாணர்தான் நினைவுக்கு வருவார். அவர் தேடிய வேருக்கும் தேடுபொறி தேடுவதற்கும் சம்பந்தம் இல்லை. 1980இல் மார்ட்டின் போர்ட்டர் வெளியிட்ட ஸ்டெம்மிங் வழிமுறை (அல்காரிதம்), ஆங்கிலத்தில் யுனிவர்ஸ், யுனிவர்சல், யுனிவர்சிட்டி மூன்றையும் ஒரே துண்டாக நறுக்கிவிடும். அண்டமும் பல்கலைக்கழகமும் ஒரே பெட்டியில்! கிடைக்கும் துண்டு வேரும் இல்லை, அகராதியில் உள்ள சொல்லும் இல்லை. தேடலில் சொல்லும் ஆவணத்தில் சொல்லும் ஒரே துண்டுக்கு வந்து சேர்ந்தால் போதும், அதற்கு வேலை முடிந்தது. எனவே, செய்யும் வேலைக்குத்தான் பெயர் வைக்கவேண்டும், கிடைக்காத வேருக்கு அல்ல.

> அப்படியானால் விகுதிநீக்கம்?

இது கிட்டே வருகிறது. ஆனால் இலக்கணம் படித்தவர்கள் சும்மா விடமாட்டார்கள். 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும்' என்ற ஒரு சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இருக்கும் 'உம்' இடைச்சொல். அதற்கு முன் 'கு' வேற்றுமை உருபு. அப்புறம்தான் 'கள்', 'அர்' என்ற விகுதிகள். அதையும் தாண்டினால் 'கொண்டிரு' என்ற துணைவினை. நன்னூலார் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று ஆறாகப் பிரித்து வைத்திருக்கும்போது, விகுதியை மட்டும் சொல்லி மற்றதை விட்டுவிடுவது நியாயமில்லை. 'வீட்டைக் கட்டினான்' என்பதில் முதலில் கழற்றவேண்டியது சந்தி 'க்'. பிறகு 'ஐ'. அதன்பின் 'வீட்டு' என்பதை 'வீடு' ஆக்கவேண்டும். 'வீட்டைக்' என்ற இந்தச் சொல்லில் விகுதியே இல்லை.

> ஈற்றுநீக்கம் என்றால் எல்லாம் அடங்கிவிடுமே.

தமிழுக்கு அடங்கும். பள்ளியில் படித்த 'ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்' உள்ளவரை ஈறு என்ற சொல்லுக்கும் பஞ்சமில்லை (பல் மருத்துவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்). ஆனால் நம் குழுவிலுள்ள மலேசிய நண்பர்களுக்குத் தெரியும்: மலாயில் 'அஜார்' என்பதிலிருந்து பெலஜார், மெங்ஙஜார், பெலஜாரான் எல்லாம் வருகின்றன. முன்னாலும் ஒட்டும், பின்னாலும் ஒட்டும். அரபியிலும் 'அல்' முன்னால்தான் வருகிறது. ஒரு மொழிக்கு மட்டும் பொருந்தும் கலைச்சொல்லை ஆய்வுக்கட்டுரையில் வைத்தால் இரண்டாவது பக்கத்திலேயே மாட்டிக்கொள்வோம்.

ஆகவே என் வாக்கு ஒட்டுநீக்கம். முன்னொட்டு, பின்னொட்டு என்று ஏற்கெனவே எழுதுகிறோம். தமிழை ஒட்டுநிலை மொழி என்று மொழியியலார் சொல்வதும் பழகிப்போனது. ஒரே ஒரு பயம்: குறில் நெடிலாகித் தட்டச்சில் 'ஓட்டுநீக்கம்' ஆகிவிட்டால் வாக்காளர் பட்டியல் சண்டை வந்துவிடும்.

கிடைக்கும் துண்டுக்கு ஒருவர் 'சொல்லடி' என்று எழுதியிருந்தார். பாட்டுப் பாடத் தோன்றுகிறதே தவிர கட்டுரையில் நிற்காது. 'அடித்துண்டு' போதும் என்று நினைக்கிறேன். அழகில்லை, ஆனால் அது முழுச்சொல் அல்ல என்பது பெயரிலேயே தெரிகிறது.

சொல்லின் அகராதி வடிவத்தைக் கண்டுபிடிக்கும் லெம்மட்டைசேஷனை இதோடு குழப்பவேண்டாம். வந்தான், வருகிறான் இரண்டிலும் ஒட்டை எடுத்தால் 'வந்', 'வரு' என்று இரண்டு துண்டு கிடைக்கும். இரண்டும் 'வா' என்று அறிய அகராதி அறிவு வேண்டும். அகராதிக்காரர்கள் பதிவின் தலைப்பில் இருப்பதைத் தலைச்சொல் என்கிறார்கள். அதனால் அது தலைச்சொல் காணல். அதிலும் எது தலை என்று முதலில் முடிவுசெய்யவேண்டும். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியில் 'செய்-தல்' என்று இருக்கும். கிரியா அகராதியில் 'செய்'. நிரல் எழுதுபவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கட்டுரையில் சொல்லிவிடவேண்டும்.

ஒட்டுநீக்கம் என்று வைத்தால் பிழைகளுக்கும் பெயர் தானாக வருகிறது. 'இல்' கண்ட இடமெல்லாம் வெட்டினால் மயில் 'மய்' ஆகும், கோயில் 'கோய்' ஆகும். இது மிகைநீக்கம். 'ஆற்றில்' என்பதை 'ஆற்று' என்றே விட்டு 'ஆறு' வரை போகாதது குறைநீக்கம். முதலாவதால் வேண்டாத ஆவணங்கள் வந்து குவியும். இரண்டாவதால் வேண்டியவை கண்ணில் படாமல் போகும். வேர்ச்சொல் காணலை வைத்துக்கொண்டு இந்த இரண்டுக்கும் பெயர் வைத்துப் பாருங்கள்!

பெரிய மொழி மாதிரிகள் (சாட்ஜிபிடி போன்றவற்றின் பின்னால் இருப்பவை) சொற்களைத் தாமே துண்டாக்கிக்கொள்ளும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்டவருக்கு: லூசீன் போன்ற தேடல் நிரல்களில் ஒட்டுநீக்கி இன்னும் இருக்கிறது. ஸ்னோபால் என்ற ஒட்டுநீக்கித் தொகுப்பில் தமிழுக்கே ஒன்று உண்டு. அதைத் திருத்த வருகிறவர்களுக்குச் சொல் வேண்டும்.

தேடலின் தரத்தை அளக்கும் ரீகால் என்பதற்கு 'நினைவுகூர்தல்' என்று போட்டவர் தயவுசெய்து தனி இழை தொடங்குங்கள். வேண்டிய ஆவணங்களில் எத்தனை பங்கு கையில் சிக்கியது என்ற கணக்கு அது. அங்கே நினைவுக்கு வேலையில்லை. 'மீட்பளவு' என்று ஒன்றை வைத்திருக்கிறேன், அங்கே சொல்கிறேன்.