ஃபிஷ் அண்ட் சிப்ஸ் கடைக்குள் போனதும் முதலில் எண்ணெயைக் கேளுங்கள்

லீட்ஸுக்கு வந்து மூன்று வாரம் ஆன ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அக்கா, ஆபீஸில் வெள்ளிக்கிழமையானால் எல்லோரும் ஃபிஷ் அண்ட் சிப்ஸ் என்று கிளம்பிவிடுகிறார்கள். எங்கள் வீட்டுப் பக்கத்திலேயே மூன்று கடை இருக்கிறது. எது நல்ல கடை என்று எப்படித் தெரிந்துகொள்வது? மனைவி மாட்டிறைச்சி தொடமாட்டாள். மீன்தானே, பிரச்சினை இருக்காதே?"

தம்பி, பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. அதனால் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் லீட்ஸ் இருக்கிற யார்க்ஷயரில் பழைய முறையில் நடக்கிற 'சிப்பி'களில் (இந்தக் கடைகளை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) மீனும் உருளைக்கிழங்கும் பொரிவது பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பில். 'பீஃப் டிரிப்பிங்' என்பார்கள். யாரும் மறைப்பதில்லை. சொல்லப்போனால் பெருமையாகப் பலகையில் எழுதி வைப்பார்கள், நம் ஊரில் 'சுத்தமான நெய்யில் செய்தது' என்று எழுதுவதைப் போல. லண்டன் பக்கம் தாவர எண்ணெய்தான் அதிகம், ஈஸ்ட் ஹாமில் இருந்துவிட்டு வடக்கே வருகிறவர்கள் இதனால்தான் ஏமாந்துபோகிறார்கள்.

நான் ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். வந்த புதிதில் நாங்கள் வாங்கிக்கொண்டிருந்த கடையின் பலகையில் 'டிரிப்பிங்' என்று மட்டும் இருந்தது. எண்ணெய் சொட்டச் சொட்டப் பொரிப்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சமயம் ஊரிலிருந்து மாமியார் வந்திருந்தார். வெள்ளிக்கிழமை அவர் அசைவம் தொடமாட்டார். இங்கேயோ வெள்ளிக்கிழமை என்றால் மீன்; கிறிஸ்தவர்கள் அன்று இறைச்சியை ஒதுக்கிய வழக்கத்தின் மிச்சம் அது. எங்களுக்கு மீன், அவருக்கு வெறும் சிப்ஸ் என்று வாங்கி வந்தேன். "என்னடி இது, நெய்யில வறுத்த மாதிரி மணக்குது" என்று ரசித்துச் சாப்பிட்டார். ஆறு வாரம், ஆறு வெள்ளிக்கிழமை. அவர் விமானம் ஏறி ஒரு மாதம் கழித்து, கூட வேலை பார்த்த ஒருவர் விளக்கியபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. மாமியாரிடம் இன்றுவரை சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

ஆகவே கவுண்டரில் முதல் கேள்வி: "வாட் டு யூ ஃப்ரை இன்?" தயங்காமல் கேட்கலாம், தினமும் நாலு பேர் கேட்கிற கேள்விதான். தாவர எண்ணெய் என்று பதில் வந்தாலும் சைவக்காரர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும்: சிப்ஸுக்குத் தனிச் சட்டியா, மீன் பொரித்த அதே எண்ணெயா? சாசேஜும் பக்கத்திலேயே பொரிவதால் பன்றி தவிர்க்கிறவர்களுக்கும் இதே கேள்விதான். லண்டனில் சில பழைய கடைகள் கடலை எண்ணெயில் பொரிக்கின்றன. நமக்குப் பழகிய ருசி. ஆனால் பிள்ளைகளுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை இருந்தால் கவனம்.

கொழுப்பில் ஆட்சேபணை இல்லாதவர்களுக்கு என் கருத்து: டிரிப்பிங்கில் பொரித்த சிப்ஸுக்கு ருசி கூடத்தான். ஒரே குறை, ஆறினால் கொழுப்பு உறைந்து வாயில் மெழுகு மாதிரி ஒட்டும். வீட்டுக்கு அரை மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டியவர்கள் அங்கே வாங்காமல் இருப்பதே நல்லது.

சரி, நல்ல கடைக்கு வருவோம். பஜ்ஜிக் கடையை எடைபோடத் தெரிந்த மூக்கு நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதையே நம்புங்கள். தெருமுனையிலேயே காறல் அடித்தால், நேற்றைக்கு மாற்றியிருக்க வேண்டிய எண்ணெய் இன்றும் கொதிக்கிறது என்று அர்த்தம். நல்ல கடைக்குள் நின்றுவிட்டு வந்தால் சட்டையில் மணம் இருக்கும், நாற்றம் இருக்காது.

அடுத்து, சட்டிக்கு மேலே இருக்கும் சூடான கண்ணாடிப் பெட்டியைப் பாருங்கள். அதில் ஏழெட்டு மீன் வரிசையாகப் படுத்திருந்து, கடையில் ஒரு ஆள்கூட இல்லையென்றால் திரும்பிவிடலாம். அவை எப்போது பொரித்தவையோ. மேல்மாவு நீராவியில் ஊறித் தொய்ந்திருக்கும். "ஐந்தாறு நிமிஷம் ஆகும், இருக்கிறீர்களா?" என்று கேட்கிற கடைதான் நமக்கு வேண்டியது. பெட்டியில் மீன் இருக்கும்போதும், காத்திருக்கிறேன், புதிதாகப் போடுங்கள் என்று கேட்கலாம். முகம் சுளிக்காமல் போட்டுத் தருகிறவரிடம் அடுத்த வாரமும் போங்கள். கூட்டத்துக்குப் பயப்பட வேண்டாம். வெள்ளி மாலை ஐந்தரை மணிக்கு வரிசை வாசல் வரைக்கும் நிற்கும், ஆனால் அந்த நேரத்து மீன்தான் சட்டியிலிருந்து நேராகக் காகிதத்துக்கு வரும். மதியம் இரண்டு மணிக்கு, கடை மூடப்போகிற நேரத்தில் போனால் பெட்டி மீன்தான் மாட்டும்.

மீனைப் பிட்டுப் பார்த்தால் கடைக்காரரின் கைப்பக்குவம் தெரிந்துவிடும். மைதாவும் குளிர்ந்த தண்ணீரும் கலந்த மாவுதான் அடிப்படை, சிலர் பீர் சேர்ப்பார்கள். மேலே மொறுமொறுப்பாக ஓடு மாதிரி நிற்க வேண்டும். உள்ளே மீன் எண்ணெயில் வேகுவதில்லை, தன் ஈரத்தின் ஆவியிலேயே வேகிறது. அதனால்தான் இதழ் இதழாகப் பிரிகிறது. ஓட்டுக்கும் மீனுக்கும் நடுவே வேகாத மாவு பசை மாதிரி ஒரு படலம் இருந்தால், எண்ணெய் சூடேறுமுன் போட்டிருக்கிறார்கள், இல்லையென்றால் மீனின் ஈரத்தைத் துடைக்கவில்லை.

செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்குகிற பழக்கம் இங்கே உதவாது. உறைந்த மீன் என்றதும் முகம் சுருங்கவும் வேண்டாம். இங்கே பொரிகிற மீனில் பெரும்பகுதி ஐஸ்லாந்து, நார்வே, பேரண்ட்ஸ் கடல் பக்கம் பிடித்துக் கப்பலிலேயே துண்டுபோட்டுச் சில மணி நேரத்தில் உறையவைத்தது. நாலு நாள் ஐஸில் கிடந்த 'ஃப்ரெஷ்' மீனைவிட அது மேல். ஒரு காலத்தில் பிரிட்டிஷ் கப்பல்களே ஐஸ்லாந்து வரை போய்ப் பிடித்தன. அதற்காக இரண்டு நாடும் 'காட் போர்' (காட் என்பது மீனின் பெயர்) என்று சண்டையே போட்டு, 1976இல் ஐஸ்லாந்தின் 200 கடல் மைல் மீன்பிடி எல்லையை பிரிட்டன் ஏற்றுக்கொண்டதோடு அது முடிந்தது. ஆகவே கடற்கரை ஊருக்குப் போனால் கண்ணெதிரே தெரிகிற கடலின் மீனே தட்டில் வரும் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

யார்க்ஷயரில் வெறுமனே ஃபிஷ் என்று கேட்டால் ஹேடாக் வரும், தோல் உரித்து. லண்டனில் காட், தோலோடு. ஹேடாக் கொஞ்சம் இனிப்பு, காட் பருமனான இதழ். இரண்டிலும் நம் நாக்கு எதிர்பார்க்கிற மீன் வாசம் குறைவுதான், அதற்குக் கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. தெற்கே இருப்பவர்களுக்கு ஒரு ரகசியம்: லண்டன் கடைகளில் 'ராக்' என்றோ 'ஹஸ்' என்றோ எழுதியிருந்தால் அது சின்னச் சுறா. நடுவில் ஒரே ஒரு குருத்தெலும்பு, முள் கிடையாது. 'ஸ்கேட்' என்றால் திருக்கை. யாழ்ப்பாணத்துக்காரர்கள் அந்தப் பெயரைப் பார்த்ததும் எப்படிச் சிரிக்கிறார்கள் என்று நானே பார்த்திருக்கிறேன்.

சிப்ஸ் என்றால் நம் ஊர்ப் பாக்கெட் சிப்ஸ் இல்லை, அதற்கு இங்கே 'கிரிஸ்ப்ஸ்'. இது விரல் தடிமனில், வெளியே லேசான மொறுமொறுப்பும் உள்ளே மாவுமாக இருக்க வேண்டும். பர்கர் கடையின் மெல்லிய குச்சி மாதிரி முறுமுறுப்பை எதிர்பார்க்காதீர்கள். கடையின் பின்னால் மூட்டை மூட்டையாகக் கிழங்கு இருந்தால் நல்ல அறிகுறி, அங்கேயே தோல் சீவி வெட்டுகிறார்கள். மாரிஸ் பைப்பர் என்ற ரகத்துக்குத்தான் மவுசு. 1966இல் வந்த அந்தக் கிழங்கை இன்னும் எதுவும் முந்தவில்லை. ஜூன், ஜூலையில் மட்டும் கொஞ்சம் பொறுத்துப் போங்கள். பழைய கிழங்கு தீர்ந்து புதுக்கிழங்கு வருகிற காலம் அது. தண்ணீர்ச் சத்து கூடுதலாக இருப்பதால் எவ்வளவு கெட்டிக்காரர் பொரித்தாலும் தொளதொளவென்றுதான் வரும். குளிரில் வைத்த கிழங்கில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, பொரித்தால் சீக்கிரம் கறுத்துப் போவதும் உண்டு.

கூடச் சாப்பிடுகிற மஷ்ஷி பீஸைப் பார்த்து நான் முகம் திருப்பியது ஆறு வருஷம். காய்ந்த பெரிய பட்டாணியைச் சோடா உப்புப் போட்டு இரவெல்லாம் ஊறவைத்துக் குழைய வேகவைத்தது, அவ்வளவுதான். நம் பட்டாணிச் சுண்டல் தாளிக்க மறந்து குழைந்துவிட்ட மாதிரி. இப்போது நான் விரும்பிக் கேட்கிறேன், கொஞ்சம் மிளகுத்தூள் வீட்டிலிருந்து. கண்ணைப் பறிக்கிற பச்சையில் இருந்தால் சாயம் சேர்த்தது. கறி சாஸ் என்று ஒன்று இருக்கிறது. பெயரை நம்பி வாங்கிவிட்டு எனக்கு எழுதாதீர்கள்; இனிப்பும் மஞ்சளுமாக, நம் குழம்புக்குத் தூரத்து உறவுகூட இல்லை.

வினிகரில் இரண்டு வகை. பார்லியிலிருந்து வருகிற மால்ட் வினிகர் ஒன்று. அசெட்டிக் அமிலத்தில் தண்ணீரும் கேரமல் நிறமும் கலந்த மலிவான திரவம் இன்னொன்று. அதை வினிகர் என்று சொல்லி விற்கச் சட்டம் விடாது. பழைய கடைகள் பலவற்றில் இரண்டாவதுதான். விசித்திரம் என்னவென்றால், அந்தக் கூர்மையான புளிப்புக்குப் பழகியவர்கள் அதையேதான் விரும்புகிறார்கள்.

கவுண்டரில் என்ன பேசுவது? இரண்டு பேருக்கு வேண்டுமென்றால் "ஃபிஷ் அண்ட் சிப்ஸ் ட்வைஸ்" என்றால் போதும். 'லவ்' என்று கூப்பிடுவார்கள், கோயம்புத்தூரில் 'கண்ணு' என்பது மாதிரிதான், கூச்சப்பட வேண்டாம். "ஓப்பன் ஆர் ராப்ட்?" என்று வேகமாக ஒரு கேள்வி வரும். திறந்தபடி தரவா, பொட்டலம் கட்டவா என்று கேட்கிறார்கள். கட்டினால் ஆவியில் சிப்ஸ் ஊறிப்போகும், எனவே அங்கேயே சாப்பிடுவதென்றால் ஓப்பன். அப்புறம் 'ஸ்கிராப்ஸ்' கேளுங்கள். மீனிலிருந்து உதிர்ந்து பொரிந்த மாவுத் துணுக்குகள், இந்தப் பக்கம் பெரும்பாலும் இனாமாகவே மேலே தூவித் தருவார்கள். தெற்கே இந்தச் சொல்லைச் சொன்னால் விழிப்பார்கள்.

கதவில் 0 முதல் 5 வரை எண் போட்ட சுகாதார ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள். வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் ஒட்டியே ஆக வேண்டும், இங்கிலாந்தில் கட்டாயமில்லை. ஒட்டவில்லை என்றால் ஏன் என்று யோசித்து, இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டுப் போங்கள். நாளிதழ் மாதிரி அச்சடித்த காகிதத்தில் தருகிற கடை பெரும்பாலும் சுற்றுலாக்காரர்களுக்கானது; உண்மையான நாளிதழில் சுற்றுவது எப்போதோ நின்றுவிட்டது, இப்போது வெறும் வெள்ளைத்தாள்.

விலை பற்றி இன்னொரு தங்கை புலம்பியிருந்தார். உண்மைதான், பல இடங்களில் பத்துப் பவுண்டைத் தாண்டிவிட்டது. 2022இல் ரஷ்ய வெள்ளை மீனுக்கு 35 சதவீதக் கூடுதல் வரி போட்டார்கள், பேரண்ட்ஸ் கடலில் பிடிக்கலாம் என்ற அளவையும் குறைத்துக்கொண்டே வருகிறார்கள், எரிவாயுச் செலவு வேறு. 1930களுக்கு முன்பின்னாக இந்த நாட்டில் ஏறத்தாழ 35,000 சிப்பிகள் இருந்தன, இன்று பத்தாயிரம் சொச்சம். இரண்டாம் உலகப் போரில்கூட ரேஷன் போடாமல் விட்ட சாப்பாடு இது. தங்கைக்கு என் யோசனை: ஒரு மீன், ஒரு சின்ன சிப்ஸ் வாங்கி இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளுங்கள். சின்னது என்று அவர்கள் சொல்வதே நம் வீட்டில் மூன்று பேருக்குக் காணும்.

எடின்பரோவுக்கு மாறப்போகிறவர் கேட்டதற்கு: அங்கே சிப்ஸோடு சேர்த்து வாங்கினால் 'ஃபிஷ் சப்பர்' என்று கேட்க வேண்டும், இரவுச் சாப்பாடு என்று குழம்ப வேண்டாம். "சால்ட் அண்ட் சாஸ்?" என்று கேட்பார்கள். பழுப்பு நிறத்தில், தண்ணீராக, புளிப்பாக ஒரு சாஸை மேலே ஊற்றிவிடுவார்கள். கிளாஸ்கோக்காரர்கள் அதைத் தொடவே மாட்டார்கள், வினிகர்தான். முதல் தடவை ஓரமாக ஊற்றித் தரச் சொல்லுங்கள்.